கோப்பு பீரோவில்தான் இருந்தது: அரசு ரகசியத்தைக் காப்பதில் ஊழியரின் பங்கு

1985 ஜனவரியில் டெல்லியைக் குலுக்கிய உளவு வழக்கில் ஒரு விநோதம் உண்டு. எந்தக் கோப்பும் களவு போகவில்லை. பிரதமர் அலுவலகம், பாதுகாப்பு அமைச்சகம் போன்ற இடங்களிலிருந்து கோப்புகள் வெளியே போயின, ஜெராக்ஸ் எடுக்கப்பட்டன, பிறகு சமர்த்தாகத் திரும்பி வந்து பீரோவில் உட்கார்ந்துகொண்டன. யாராவது பதிவேட்டை எடுத்துச் சரிபார்த்திருந்தால் கணக்கு நேராகவே இருந்திருக்கும். கூமர் நாராயண் என்ற தனியார் நிறுவனப் பிரதிநிதி இந்த ஏற்பாட்டைப் பல ஆண்டுகள் நடத்தினார். அவருக்குக் கை கொடுத்தவர்கள் நேர்முக உதவியாளர்கள், எழுத்தர்கள் போன்ற சாதாரண ஊழியர்கள். கூலியாகப் பணம் கைமாறியது; சில சமயம் வெளிநாட்டு விஸ்கி பாட்டிலே போதுமானதாக இருந்தது.

விவகாரம் வெடித்ததும் பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பின்னாளில் தமிழ்நாட்டு ஆளுநராக வந்தாரே, அவரேதான். அவர் எதையும் விற்றவர் அல்லர். அவர் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களால் வந்த வினை அது. வழக்கில் தீர்ப்பு வர 2002 ஆகிவிட்டது. அதற்குள் நாராயண் இறந்தே போயிருந்தார்.

மத்திய அரசு வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகள் யாராவது என்னிடம் பேச வந்தால் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். ரகசியம் காப்பது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். வாய் கால்வாசிதான். மீதி முக்கால்வாசியும் தாள், சாவி, உறை, பதிவேடு, இப்போது கைபேசி.

நான்கு முத்திரைகள்

இந்திய அரசு ஆவணங்களில் ரகசியத் தரம் நான்கு வகை. மேலிருந்து கீழாக டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டெட். கான்ஃபிடென்ஷியலுக்குத் தமிழக அரசு அலுவலகங்களில் 'மந்தணம்' என்ற அழகான சொல் புழங்குகிறது. மற்றவற்றை ரப்பர் ஸ்டாம்பில் இருக்கிறபடியே சொல்கிறோம்.

தரத்தை நிர்ணயிப்பது ஒரே கேள்வி: இந்தத் தாள் போகக் கூடாத கைக்குப் போனால் எவ்வளவு சேதம்? நாட்டின் பாதுகாப்புக்கு மிகக் கடுமையான கேடு வரும் என்றால் டாப் சீக்ரெட். கடுமையான கேடு என்றால் சீக்ரெட். கேடு உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் கான்ஃபிடென்ஷியல். அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும், வெளியே பரப்ப வேண்டாம் என்பது ரெஸ்ட்ரிக்டெட். அமைச்சகங்களுக்கான பாதுகாப்புக் கையேடு இந்த வரையறைகளைத் தருகிறது. அதில் எனக்கு எப்போதும் நெருடுகிற ஓர் இடம் உண்டு. அரசுக்குச் 'சங்கடம்' விளைவிப்பதும் காரணங்களில் ஒன்றாக நுழைந்திருக்கிறது. அமைச்சருக்கு வியர்ப்பதும் நாட்டுக்கு ஆபத்து வருவதும் ஒன்றா? இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அலுவலகத்தில் வெளியே சொல்லக் கூடாதவை எல்லாம் இந்த நான்கில் அடங்கிவிடாது. சக ஊழியரின் மருத்துவச் சான்றிதழ், திறக்கப்படாத டெண்டர், பதவி உயர்வுப் பட்டியல் ஆகியவற்றையும் காக்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றுக்கான விதிகள் வேறு. தரமிட்ட ஆவணம் என்பது தனிச் சாதி. அதன் தலையிலும் காலிலும் முத்திரை இருக்கும், பதிவேட்டில் எண் இருக்கும், அது எந்தக் கையில் இருக்கிறது என்று சொல்ல ஒரு கையெழுத்து இருக்கும்.

முத்திரையைக் குத்துவதும் எடுப்பதும் அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலரின் வேலை. 'இதில் என்ன இருக்கிறது, நேற்றே பேப்பரில் வந்துவிட்டதே' என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அதை எழுதி மேலே அனுப்பலாம். நீங்களாகவே முத்திரையை இல்லாததாகப் பாவிக்க முடியாது.

யாருக்குக் காட்டலாம்?

சிக்கல் தொடங்குவது இங்கேதான், அதுவும் நம் ஊரில்.

மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964 என்ற தொகுப்பில் 11ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். தரமிட்ட தகவலை, அதைப் பெற உரிமையில்லாத 'எந்த அரசு ஊழியருக்கும் அல்லது வேறு எவருக்கும்' தெரிவிக்கக் கூடாது என்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் அரசு ஊழியர், அதற்குப் பிறகுதான் வெளியாள். அடுத்த மேசைக்காரரும் வெளியாளே என்பதுதான் இதன் பொருள். அவர் உங்களைவிடப் பத்து வருடம் மூத்தவராக இருக்கலாம், உங்களுக்கு வேலை கற்றுக் கொடுத்தவராக இருக்கலாம், அவரும் ரகசிய ஆவணங்களைக் கையாள அனுமதி பெற்றவராகவே இருக்கலாம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கோப்பு அவருடைய வேலைக்குத் தேவையா? தேவையில்லை என்றால் அவர் பார்க்கக் கூடாது. அனுமதியும் வேண்டும், தேவையும் வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் கதவு திறக்காது.

சொல்வது எளிது. 'தம்பி, அந்தக் கொள்முதல் விஷயம் என்ன ஆயிற்று?' என்று காபி குடிக்கும்போது ஒரு மூத்தவர் கேட்கிறார். சொல்லாவிட்டால் தலைக்கனம் என்பார். பெரியவர் முகத்தைப் பார்த்து 'சொல்ல முடியாது' என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை. எனக்குக் கிடைத்த வழி, பழியை விதியின் மேல் போட்டுவிடுவது. 'அண்ணே, அது என் கையில் இல்லை. பிரிவு அலுவலர் வழியாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள், உடனே எடுத்து வைக்கிறேன்.' உண்மையிலேயே தேவைப்பட்டவர் எழுதிக் கேட்பார். சும்மா கேட்டவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். என் அனுபவத்தில் இரண்டாம் வகையினரே மிகுதி.

மேலதிகாரி வாய்மொழியாகக் கேட்டால்? உங்கள் கோட்டில் உள்ள அதிகாரி என்றால் கொடுங்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். அவர் சிடுசிடுப்பார். பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து 'அந்தக் கோப்பு யாரிடம் போயிற்று' என்று யாராவது கேட்கும் நாளில் அந்த ஒரு கையெழுத்துதான் உங்களுக்குத் துணை.

தாளின் வாழ்க்கை

தரமிட்ட தாள் பிறப்பதிலிருந்து எரிவது வரை யாராவது ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும். அனுப்பும்போது இரட்டை உறை. உள் உறையில் முத்திரையும் அரக்குச் சீலும் இருக்கும். வெளி உறையில் முகவரி மட்டும். வெளி உறையிலும் 'சீக்ரெட்' என்று சிவப்பில் எழுதிவிடுகிற ஆர்வக் கோளாறுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். திருடனுக்கு வழிகாட்டிப் பலகை வைப்பது போன்றது அது. கொடுத்தவர் ரசீது வாங்க வேண்டும், வாங்கியவர் பதிய வேண்டும். பத்து நிமிடத்துக்கு எழுந்து போனாலும் கோப்பு பூட்டுக்குள் போக வேண்டும். சாவி மேசை டிராயரில் இருந்தால் பூட்டியதாகவே கணக்கில்லை.

எல்லோரும் கோட்டைவிடுவது வரைவில்தான். இறுதிப் பிரதியைப் பொன்போலப் போற்றுவார்கள். அதற்கு முன் எழுதிக் கிழித்த நான்கு வரைவுகள், ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த துண்டுத் தாள், பிரிண்டரில் பாதியில் சிக்கி நின்ற பக்கம் எல்லாம் குப்பைக் கூடைக்குப் போகும். மூலத்துக்கு என்ன தரமோ அதே தரம்தான் வரைவுக்கும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், அலுவலக வாசலில் வண்டி போட்டிருந்தவரிடம் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் எங்கள் பிரிவின் தட்டச்சு எழுத்து! அது தரமிட்ட தாள் இல்லை, யாருடைய விடுப்புக் கணக்கோ. ஆனாலும் அன்று கடலை தொண்டையில் இறங்கவில்லை. எடைக்குப் போட்ட பழைய தாளுக்கு யாரும் பாதுகாப்பு விதி சொல்லித் தருவதில்லை. மறுநாளிலிருந்து கிழிப்பதை நானே நின்று பார்க்கும் பழக்கம் வந்தது.

தாளைக் கையில் வெளியே எடுத்துக்கொண்டு நடப்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் லண்டனில் இருக்கிறது. 2009 ஏப்ரலில் பெருநகரக் காவல் துறையின் உயரதிகாரி பாப் குவிக், பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவில் காரிலிருந்து இறங்கினார். பயங்கரவாதிகளுக்கு எதிராக நடக்கவிருந்த நடவடிக்கையின் ரகசியக் குறிப்பு அவர் கக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி இருந்தது. எதிரே நின்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் எடுத்த படத்தில் அதை வாசிக்க முடிந்தது. திட்டமிட்ட கைதுகளை அவசர அவசரமாக முன்கூட்டியே நடத்த வேண்டியதாயிற்று. மறுநாள் அவர் பதவி விலகினார். ஒரு சாதாரண அட்டை உறை போதும், அத்தனையும் நடந்திராது.

கைபேசி என்னும் ஜெராக்ஸ் கடை

நாராயண் காலத்தில் கோப்பை வெளியே கடத்தி, நகலெடுத்து, திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம் இல்லை. ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு நகல் இயந்திரம். கெட்ட எண்ணமே தேவையில்லை. 'சார் டூரில் இருக்கிறார், பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னார்' என்பதுதான் இன்று அதிகம் கேட்கக்கூடிய வாக்கியம். படம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சேவையில் ஏறி இறங்குகிறது, இரண்டு கைபேசிகளின் கேலரியில் தங்குகிறது, தானாகவே மேகச் சேமிப்புக்கும் போகிறது. ஒரு நிமிட வேலை, திரும்ப அள்ள முடியாத நீர்.

மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. டாப் சீக்ரெட், சீக்ரெட் ஆவணங்கள் இணையத்தின் பக்கமே வரக் கூடாது. தனிக் குத்தகைத் தடத்தில் (லீஸ்டு லைன்) இயங்கும், அரசு அங்கீகரித்த உயர்தர மறையாக்கம் (என்கிரிப்ஷன்) கொண்ட மூடிய வலையமைப்பில் மட்டுமே பகிரலாம். 2022 ஜூனில் தேசியத் தகவலியல் மையம் அரசு ஊழியர்களுக்கு வெளியிட்ட குறிப்பு இன்னும் வீட்டுக்குப் பக்கமாகப் பேசியது: அரசு ஆவணங்களை ஸ்கேன் செய்யக் கேம்ஸ்கேனர் போன்ற வெளிச் செயலிகளைப் பயன்படுத்தாதே, கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற இடங்களில் அவற்றைச் சேமிக்காதே, கடவுச்சொல்லை 45 நாளுக்கு ஒரு முறை மாற்று. ரகசியக் கூட்டங்களுக்குப் போகும்போது கைபேசியையும் ஸ்மார்ட் வாட்சையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும், அறையில் அலெக்ஸா போன்ற குரல் உதவியாளர்கள் இருக்கக் கூடாது என்ற அறிவுறுத்தலும் உண்டு. 2025 ஜனவரியில் நிதி அமைச்சகம் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கச் சொன்னது. 'ஆங்கிலத்தைத் திருத்தத்தானே ஒட்டினேன்' என்பார்கள். ஒட்டிய கணத்திலேயே அது வெளியே போய்விட்டது.

கைக்கடிகாரம்கூடவா என்று சிரிப்பவர்களுக்கு: ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி தன் பயனர்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடத்தில் ஒளிரவிட்டது. 2018 ஜனவரியில் அதைக் கூர்ந்து பார்த்தவர்கள், பாலைவனத்து இருட்டில் மினுக்கிய வட்டங்கள் அமெரிக்கப் படைத்தளங்கள் என்று கண்டுகொண்டார்கள். வீரர்கள் யாரும் எதையும் சொல்லவில்லை, காலையில் ஓடினார்கள், அவ்வளவுதான்.

துண்டு துண்டாகப் போகிற தகவலின் ஆபத்து இதுதான். சமூக ஊடகத்தில் நட்பாகப் பேசத் தொடங்கும் முகம் முதல் நாளிலேயே கோப்பைக் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தப் பிரிவு, இந்த வாரம் ஏன் லேட், யார் உங்கள் மேலதிகாரி என்று உதிரியாகக் கேட்கும். 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்று சொல்லி வைத்தவருக்கு, நடுநிசியில் கட்டிலில் படுத்தபடி முகம் தெரியாதவரோடு பேசுகிற காலம் வரும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பழமொழி பொருந்திப் போகிறது.

கவனக்குறைவும் குற்றமே

1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. பாதுகாப்பு நிறுவனங்களின் மதிலில் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்று எழுதியிருப்பதும் இந்தச் சட்டத்தின் பேரில்தான். இதன் 3ஆம் பிரிவு உளவைப் பற்றியது. பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை சிறை. ஊழியர் மனப்பாடம் செய்ய வேண்டியது 5ஆம் பிரிவு. கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுப்பது குற்றம் என்பதோடு அது நிற்கவில்லை. வைத்திருக்க உரிமை போன பிறகும் வைத்திருப்பது, திருப்பிக் கொடு என்ற உத்தரவுக்குப் பணியாதது, போதிய கவனம் இல்லாமல் ஆவணத்துக்கு ஆபத்து உண்டாக்குவது ஆகியவையும் குற்றம். ரயிலில் பையை மறந்துவிட்டு இறங்குவதும் இதில் வரலாம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அதனால் தவறு நடந்தால் உடனே சொல்லிவிடுங்கள். பென்டிரைவ் காணவில்லை, உறையின் சீல் உடைந்திருக்கிறது, தவறான முகவரிக்கு மின்னஞ்சல் போய்விட்டது. எதுவானாலும் பிரிவு அலுவலரிடமோ பாதுகாப்பு அலுவலரிடமோ அன்றைக்கே சொல்ல வேண்டும். 'நாளை வரை தேடிப் பார்ப்போம்' என்ற ஓர் இரவில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது.

இன்னொரு சந்தேகமும் வரும். ரகசியம் ஏற்கெனவே இணையத்தில் கசிந்துவிட்டால்? கசிந்ததால் முத்திரை விலகிவிடாது. விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் கடிதங்களை 2010 டிசம்பரில் ஊர் உலகமே படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க அரசு தன் ஊழியர்களை மட்டும் படிக்க வேண்டாம் என்றது. அனுமதியில்லாதவர்களுக்கு அவை இன்னும் தரமிட்ட ஆவணங்களே என்று வாதம். கேலிக்கு இடமான உத்தரவுதான். ஆனால் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. வெளியே உலவுவது உண்மையா பொய்யா என்று எதிராளிக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் நீங்கள் 'ஆமாம்' என்று தலையாட்டினால், ஏன், பதறி மறுத்தால்கூட, அவருக்குத் தெரிந்துவிடும். ஆமாம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம்.

முத்திரைக்கும் எல்லை உண்டு

இனி அந்தச் 'சங்கட' சமாச்சாரம். 1923 சட்டம் எது ரகசியம் என்று எங்கும் வரையறுக்கவில்லை. அந்த ஓட்டையில் அப்பாவிகள் விழுந்திருக்கிறார்கள். டெல்லிப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி 2002இல் கைதானார். அவர் கணினியில் இருந்த 'ரகசிய' ஆவணம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியதாக இருந்தது. அதை நிரூபித்து வெளியே வர ஏழு மாதம் திகார் சிறையில் கிடந்தார். நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் உளவாளி என்று முத்திரை குத்தப்பட்டு, 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொல்லும் வரை போராடினார். வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இலேயே இந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லிவிட்டது. சட்டம் அசையவில்லை.

அசைந்தது வேறொன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 22ஆம் பிரிவு, ரகசியச் சட்டத்தோடு முரண்பாடு வந்தால் நான்தான் மேலே என்கிறது. 8(2) பிரிவோ, வெளியிடுவதில் உள்ள பொதுநலன் அதனால் வரும் கேட்டை மிஞ்சினால் விலக்குப் பெற்ற தகவலையும் கொடுக்கலாம் என்கிறது. 'கான்ஃபிடென்ஷியல்' என்று முத்திரை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மனுவைத் தள்ளிவிட முடியாது. எந்தப் பிரிவின் கீழ் விலக்கு என்று பதிலில் எழுத வேண்டும். 2019 மார்ச்சில், பத்திரிகையில் வெளியான ரஃபேல் போர் விமானக் கொள்முதல் ஆவணங்கள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை, அவற்றை நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது. பிறகு மூலம் பத்திரமாக இருக்கிறது, எடுத்தது நகல்தான் என்று விளக்கியது. மறுபடியும் ஜெராக்ஸ்! ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை ஏற்காமல், ஆவணங்களைப் பரிசீலிக்கலாம் என்றது. மறுஆய்வு மனுக்கள் நவம்பரில் தள்ளுபடியானது தனிக் கதை.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் நானே முடிவு செய்து பத்திரிகைக்குக் கொடுத்துவிடலாமே' என்று புது ஊழியர் யாரும் கிளம்ப வேண்டாம். அந்தத் தீர்ப்பு வெளியிட்டவர்களுக்கும் வழக்குத் தொடுத்தவர்களுக்கும் வழி திறந்தது. எடுத்துக் கொடுத்த ஊழியருக்குக் கவசம் தரவில்லை. தரம் தவறு என்று பட்டால் மேலே எழுதுங்கள். ஊழல் என்று பட்டால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் இருக்கிறது. மனு வந்தால் பொதுத் தகவல் அலுவலரிடம் ஒளிக்காமல் கோப்பைக் காட்டுங்கள், அவர் முடிவெடுப்பார்.

ஓய்வு பெற்றாலும் இது விட்டுப் போகாது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்கள் தங்கள் அமைப்பைப் பற்றி எழுத விரும்பினால் முன்அனுமதி பெற வேண்டும் என்று 2021 மே மாதம் ஓய்வூதிய விதிகளே திருத்தப்பட்டன. நான் அந்த ரகம் இல்லை. ஆனாலும் கடைசி நாளன்று பீரோ சாவியை ஒப்படைத்து, பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக அடுத்தவரின் கையெழுத்தை வாங்கி முடிக்க மாலை ஆகிவிட்டது. மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவனிடம் மனைவி கேட்டாள்: 'இப்போதாவது சொல்லலாம் இல்லையா, அத்தனை வருடம் அங்கே என்னதான் பார்த்தீர்கள்?'

'ஃபைல் பார்த்தேன்' என்றேன்.